சிக்னல் எட்டாத ஊர்களில் குழந்தைகளின் வளர்ச்சியைக் கைபேசியில் பதிவது எப்படி?

கேள்வி:
ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எடை, உயரம், மேல்கைச் சுற்றளவு ஆகியவற்றை மாதந்தோறும் அளக்கும் சிறு குழுவுக்குத் தொழில்நுட்ப உதவி செய்து வருகிறேன். இதுவரை எல்லாம் காகிதப் பதிவேட்டில்தான். மாத இறுதியில் ஒருவர் அமர்ந்து அவற்றைக் கணினியில் ஏற்றி முடிப்பதற்குள், எடை குறைந்த குழந்தையைப் பற்றிய தகவல் மூன்று வாரம் பழையதாகிவிடுகிறது. பல ஊர்களில் சிக்னலே கிடையாது. குறுஞ்செய்தி முறை போதுமா, தனிச் செயலி வேண்டுமா?

மறுமொழி 1:
குறுஞ்செய்தியை எளிதில் ஒதுக்கிவிடாதீர்கள். மலாவியில் 2009-இல் யுனிசெஃப் துணையுடன் ரேபிட்எஸ்எம்எஸ் என்ற முறையைச் சோதித்தார்கள். களப்பணியாளர் அளவுகளைச் சாதாரணக் கைபேசியிலிருந்து அனுப்பியதும், குழந்தையின் நிலை பற்றிய பதில் அவருக்கே உடனடியாகத் திரும்பி வந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடங்கள் உண்டு, தமிழில் எழுதினால் 70 தான். ஆகவே சொற்களை விட்டுவிட்டு எண் குறியீடுகளை வையுங்கள்.

மறுமொழி 2:
சிக்னலே இல்லாத இடத்தில் அந்த உடனடிப் பதில் எங்கிருந்து வரும்? இணையமின்றியே கணக்கிட்டுக் காட்டி, சிக்னல் கிடைத்தபின் சர்வருக்கு அனுப்பும் செயலிதான் உங்களுக்குப் பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைகளைக் கைபேசியிலேயே வைத்துக்கொள்ளலாம். அவை பெரிய கோப்புகள் அல்ல.

ஆனால் என் அனுபவத்தில், செயலியைவிட அளவெடுப்பில்தான் தவறு மிகுதி. இரண்டு வயது நிரம்பாத குழந்தையைப் படுக்க வைத்தும், அதற்கு மேற்பட்ட குழந்தையை நிற்க வைத்தும் அளக்க வேண்டும். மாற்றி அளந்தால் ஏறத்தாழ 0.7 செ.மீ. வேறுபாடு வரும் என்பதால், எப்படி அளந்தீர்கள் என்று செயலி கேட்டே ஆக வேண்டும். பிறந்த தேதி ஊகமாக இருந்தால் வயதுக்கேற்ற உயரக் கணக்கு ஆட்டம் கண்டுவிடும். உயரத்துக்கேற்ற எடைக்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. இன்னொன்று, நம்ப முடியாத எண்ணை உள்ளிட்டால் செயலி எச்சரிக்கலாமே தவிர, தடுக்கக் கூடாது. நான் அமைத்த முதல் படிவம் தடுத்தது. சில வாரங்களில் பெரும்பாலான எடைகள் .0 என்றோ .5 என்றோ முடியத் தொடங்கின. படிவம் ஏற்றுக்கொள்ளும் எண்ணைக் களப்பணியாளர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

மறுமொழி 3:
பல ஆண்டுகளாக நாடாவும் கையுமாக அலைந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இரு பாதங்களிலும் வீக்கம் உள்ள குழந்தையின் எடை நன்றாகவே இருப்பது போலத் தராசு காட்டும். பாதத்தின் மேற்புறத்தைக் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தபின் குழி அப்படியே நின்றால், மற்ற அளவுகள் என்ன சொன்னாலும் அது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுதான். ஆகவே வீக்கம் பற்றிய கேள்விக்கு விடை தராமல் அடுத்த பக்கம் திறக்கக் கூடாது. 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைக்கு மேல்கைச் சுற்றளவு 115 மி.மீ.க்குக் கீழே இருந்தாலும் கடும் குறைபாடே. 115-க்கும் 125-க்கும் இடையே இருந்தால் மிதமானது. இந்த எல்லைகளைத் திரையில், மேல்கை அளக்கும் நாடாவில் உள்ள சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களிலேயே காட்டுங்கள், தாய்க்கும் புரியும். சிவப்பு வந்தால் யாரை அழைப்பது, எந்த நாளுக்குள் அவர் வந்து பார்ப்பார் என்பதைச் செயலி எழுதுவதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. தடுக்கும் படிவத்தைத்தான் நானும் வரைந்து வைத்திருந்தேன், அதை மாற்றிவிடுகிறேன். சிவப்பு வந்தால் அழைக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு எங்களிடம் இன்னும் விடையில்லை என்பதால், முதல் மாதம் ஓர் ஊரில் மட்டும், காகிதப் பதிவேட்டையும் உடன் வைத்துக்கொண்டு தொடங்குகிறோம்.