விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்த குடும்பங்கள் இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். விக்கிரமசிங்கபுரத்து (வி.கே.புரம்) பாபநாசம் மலை அடிவாரத்து நூல் மில்லைப் பத்தி, அங்க உழைச்சவங்க சொல்லக் கேட்டுத் தொகுக்கிறேன். அம்பாசமுத்திரம், வி.கே.புரம் பக்கத்து ஆட்கள் கை கொடுக்கணும்.

முதலாளிகள் கதை ஏற்கெனவே பதிவானதுதான். ஹார்வி சகோதரர்கள் 1880-களில் திருநெல்வேலி மில்ஸ்னு தொடங்கினாங்க. தாமிரபரணி அருவித் தண்ணீரை வச்சே இயந்திரம் ஓட்டலாம்னுதான் மலையடிவாரத்தைப் பிடிச்சாங்க. அப்புறம் தூத்துக்குடி, மதுரைன்னு விரிஞ்சு, 1974-ல் மதுரா கோட்ஸ் ஆச்சு. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை வ.உ.சி. நடத்தினதால அந்த மில்லைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. அதே முதலாளிகளோட பாபநாசம் மில்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல!

எனக்கு வேண்டியது தொழிலாளிகள் பக்கத்துக் கதை. தண்ணீர் விசையில ஓடின காலத்தைப் பத்தி தாத்தா, பூட்டன் சொன்னது ஏதாவது ஞாபகம் இருக்கா? கோடையில ஆறு வத்தினா மில் என்ன பண்ணுச்சு? பொம்பளைங்க எந்தெந்தப் பிரிவுல வேலை பார்த்தாங்க? முக்கியமா இது, ஏன்னா நான் பார்த்த பழைய குரூப் போட்டோக்கள்ல எல்லாம் ஆம்பளைங்கதான் நிக்கிறாங்க.

பழைய சம்பளச் சீட்டு, சங்க நோட்டீஸ், போட்டோ இருந்தா செல்போன்ல படம் எடுத்து அனுப்பினாப் போதும், அசல் உங்ககிட்டயே இருக்கட்டும். மில்லுல வேலை பார்த்த பெரியவங்க யாராவது பேசச் சம்மதிச்சா உள்பெட்டியில சொல்லுங்க, நேர்லயே வந்து கேட்டுக்கிறேன்.