தோட்டத்து பங்களாவில் தங்கச்சி கல்யாணம்: தையா, ஆவணியா?

தலவாக்கலைத் தம்பி:
வணக்கம். தங்கச்சிக்கு வருகிற வருசம் கல்யாணம். ஹட்டனில் மண்டபம் பார்ப்போம் என்றேன். அவளுக்கோ எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை (தோட்ட முகாமையாளர்) பங்களா முற்றத்தில்தான் தாலி ஏற வேண்டும். பங்களா இப்போது தங்குமிட விடுதி. அங்கே நின்றால் அம்மா 28 வருசம் கொழுந்தெடுத்த மலை நேர் எதிரே தெரியும். அம்மாவுக்கும் ஆசைதான். ஆனால் "அந்த வாசல்ல நான் செருப்போட நடந்ததே இல்லையே" என்று தயங்குகிறார். 150 பேர் வருவார்கள், மாப்பிள்ளை வீடு வவுனியா. எந்த மாதம் வைக்கலாம்? பெரிய பஸ் மேலே ஏறுமா?

பண்டாரவளை அக்கா:
தம்பி, எங்கள் ஊவாப் பக்கம் என்றால் ஆவணியில் மழையில்லாமல் நன்றாகக் காய்ந்திருக்கும். உங்கள் பக்கம் அப்போது தென்மேற்கு மழை விட்டிருக்காது. தை, மாசியில் வையுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அடிக்கிற அந்த வறண்ட குளிர்காற்றில்தான் உங்கள் பக்கத்துத் திம்புள்ளத் தேயிலைக்கு வாசம் ஏறும், வானமும் வெளித்திருக்கும். விடியற்காலை முகூர்த்தம் மட்டும் வேண்டாம். வவுனியா வெயிலில் இருந்து வருகிற வயசாளிகள் அந்தப் பனியில் நடுங்கிப் போவார்கள். ஒன்பது மணிக்குப் பிந்தியதாக ஐயரிடம் கேளுங்கள்.

ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை:
முதலில் தோட்டத்து ஒபிசில் கவ்வாத்துக் கணக்கை, அதாவது எந்த மலையில் எப்போது தேயிலைச் செடியை வெட்டிவிடுவார்கள் என்று கேளுங்கள். எதிர்மலையை அந்த நேரம் வெட்டியிருந்தால் பச்சையே இருக்காது, மொட்டைக் கட்டைதான் படத்தில் விழும். துளிர்த்து வர மாதக்கணக்காகும். பெரிய பஸ் தோட்டத்து முடக்குகளில் திரும்பாது. மெயின் ரோட்டில் நிறுத்தி, வேனில் ஏற்றுங்கள். என் மகள் கல்யாணத்தில் ஓமத் தீ காற்றில் இரண்டு தரம் அணைந்தது. பிறகு மணவறைக்குப் பின்னால் தகரம் அடித்து, அதை மறைத்து வாழை கட்டினோம். மாசியிலும் ஒரு தூறல் வரும், தறப்பாள் கையோடு இருக்கட்டும். புல் நனைந்தால் அட்டை ஏறும், காலில் சவர்க்காரம் பூசினால் அவ்வளவாக ஏறாது.

லயத்துப் பிள்ளை:
அண்ணா, ஞாயிறு அல்லது போயா (பௌர்ணமி விடுமுறை) நாளாகப் பாருங்கள். வேலை நாளில் வைத்தால் லயத்துச் சனத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற தொழிலாளர்களுக்கு) அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும், அம்மாவோடு கொழுந்தெடுத்தவர்கள் வர முடியாது. தப்பு மேளம் அடிக்க விடுதிக்காரரிடம் இப்போதே எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்குக் கடைசி நேரத்தில் சத்தம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அப்பா அழுதுவிட்டார். அப்புறம், முதல் நாள் சாயந்தரமே அம்மாவைக் கூட்டிப்போய் அந்த வாசலில் கோலம் போடச் சொல்லுங்கள்.

தலவாக்கலைத் தம்பி:
எல்லோருக்கும் நன்றி. மாசியில் ஒரு ஞாயிறு பார்க்கச் சொல்லிவிட்டேன். கோல விசயத்தை அம்மாவிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அரிசிமாவை நானே இடிச்சுக்கிறேன்" என்றார். நாளைக்கு விடுதிக்காரரைப் பார்க்கப் போகிறேன், தப்பு மேளத்துக்கும் தகரத்துக்கும் சேர்த்தே பேசிவிட்டு வருகிறேன்.