காத்துல இருந்து தண்ணி எடுக்கப் போய் ரெண்டு மூடிதான் தேறுச்சு, எங்க சொதப்புறேன்?

மொட்டைமாடி_மணி:
அலமாரியில பூஞ்சை பிடிக்காம இருக்க தொங்கவிடுவோமே கால்சியம் குளோரைடு, அதுல அரைக்கிலோ எவர்சில்வர் தாம்பாளத்துல கொட்டி ராத்திரி மாடியில திறந்து வச்சேன், விடிஞ்சு பாத்தா பாதி கரைஞ்சு கொழகொழன்னு கிடக்கு, அப்போ ஈரத்தை நல்லாத்தான் இழுத்திருக்கு. மேல சாய்வா கண்ணாடி மூடி ஓரமெல்லாம் டேப் ஒட்டி பகல் பூரா வெயில்ல விட்டா, பாட்டில் மூடியில ரெண்டு மூடி தண்ணி. வேதியியலுக்கு நோபல் வாங்குன ஓமர் யாகி பாலைவனக் காத்துலயே தண்ணி எடுத்தாராமே, இங்க சும்மா நின்னாலே வேர்த்து ஊத்துது, எனக்கு ஏன் வரல?

கல்லுப்பு:
இழுக்க வைக்கிறது ஈசி ப்ரோ, கக்க வைக்கிறதுதான் பாடு. மழைக்காலத்துல கல்லுப்பு ஜாடி நசநசன்னு இருக்கும்ல, கால்சியம் குளோரைடு அதுக்கு அண்ணன், புடிச்சா லேசுல விடாது. யாகியோட சரக்கு எம்ஓஎஃப், உலோகத்தையும் கார்பன் மூலக்கூறையும் கோத்து உள்ள பூரா ஓட்டையா கட்டுறது, தண்ணி அதுல லேசா ஒட்டுறதால 65 டிகிரி சூட்டுலயே விட்டுரும். 2017ல எம்ஐடி டீமோட சேந்து காட்டுனது எம்ஓஎஃப்-801, காத்துல ஈரப்பதம் 20 சதவீதம் இருந்தாலே ஒரு கிலோ எம்ஓஎஃப்புக்கு நாளைக்கு 2.8 லிட்டர்னு கணக்கு சொன்னாங்க. ஆனா அப்புறம் அமெரிக்காவுல டெத் வேலி பாலைவனத்துல எம்ஓஎஃப்-303ங்கிற இன்னொரு வகையை வச்சு வெறும் வெயில்ல நெஜமா எடுத்தது கிலோவுக்கு 200 சொச்சம் கிராம்தான், ஒரு டம்ளர். அதனால ரொம்ப ஃபீல் பண்ணாதீங்க 😄

வெயில்_கணக்கு:
உப்பை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. தாம்பாளம் பளபளன்னு இருந்தா வெயில் பட்டுத் திரும்பிப் போயிரும், அடியில கருப்பா இருக்கணும். அதோட மூடுன கண்ணாடியே சூடானா ஆவி எங்க போய் தண்ணியாகும்? நிழல்ல குளுந்த பக்கம் ஒண்ணு வேணும். ஒரு லிட்டரை ஆவியாக்கவே முக்கா யூனிட் கரண்ட் அளவு சூடு வேணும், ஒரு சதுர மீட்டர்ல நாள் பூரா விழுற வெயிலே 5, 6 யூனிட்தான், அதுலயும் பாதி வீணாப் போயிரும். ஆங், ஈரம் உறிஞ்ச வைக்கிற நீல கலர் சிலிக்கா ஜெல் வச்சு ட்ரை பண்ணி குடிச்சுராதீங்க, அந்த நீலம் கோபால்ட், விஷம்.

மொட்டைமாடி_மணி:
குடிக்கல குடிக்கல, நாக்குல வச்சேன், லேசா கரிச்சுது. கருப்பு பெயிண்ட் அடிக்கலாம்தான், ஆனா அது அம்மா வெத்தலை பாக்கு வைக்கிற தாம்பாளம், இப்பவே உப்பு அரிச்சு புள்ளி புள்ளியா துரு, ரெண்டு நாளா தேடிட்டு இருக்காங்க.