டிஸ்ட்ரிபியூட்டர் இடம் மாறி உட்கார்ந்தால்: அனுபவப் பகிர்வு

பழைய பெட்ரோல் வண்டியில், ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரோடு மல்லுக்கட்டியவர்கள் உங்கள் கதையையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

நண்பரின் காரில் இருப்பது பி சீரிஸ் எஞ்சின். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, எம்ஜிபி, அம்பாசிடர் என்று பல வண்டிகளில் ஓடிய அதே நாலு சிலிண்டர் குடும்பம். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலும் பரவாயில்லை. ஆனால் ஏற்றத்தில் இழுக்காது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அளவுக்கு மீறிச் சுடும். டைமிங் ரிட்டார்டு, அதாவது ஸ்பார்க் தாமதமாக வருகிறது என்பது தெரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி அட்வான்ஸ் கொடுக்கலாம், அதாவது ஸ்பார்க்கை முன்னதாக வரவைக்கலாம் என்றால், அதன் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் வாக்குவம் யூனிட் எஞ்சின் பிளாக்கில் முட்டி நிற்கிறது. அதற்குமேல் நகர இடமில்லை. இதற்கு நடுவே நண்பர் புது பிளக் வயர் செட் வாங்கி, மேனுவலில் உள்ள படத்தைப் பார்த்து வரிசையாக மாட்டினார். அதோடு வண்டி ஸ்டார்ட் ஆவதே நின்றுபோனது. செல்ஃப் அடித்தால் கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடிக்கிறது.

இந்தக் கட்டத்தில் பலரும் வயரை மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்க ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பில் வயர் எங்கே சொருகியிருக்கிறது என்பது முன்பு கைவைத்தவர் செய்துவிட்டுப் போன ஏற்பாடு. அதை நம்பி எதையும் தொடங்கக் கூடாது. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டர் ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு எஞ்சினைக் கையால் சுற்றினோம். காற்று விரலைத் தள்ளினால் கம்ப்ரஷன். கிராங்க் 2 சுற்றுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் 1 சுற்றுதான். அதனால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் புல்லியின் வெட்டு டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) குறிக்கு நேரே இரண்டு தடவை வந்துவிடும். அதில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது. சந்தேகமே வேண்டாம் என்று டேப்பெட் கவரையும் திறந்து நாலாவது சிலிண்டரைப் பார்த்தோம். ஒரு வால்வு மூடி முடிக்கிறது, இன்னொன்று திறக்கத் தொடங்குகிறது, வால்வை அழுத்தும் இரண்டு ராக்கரும் ஊசலாடுகின்றன. அப்போது முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்.

கேப்பைத் தூக்கினால், உள்ளே சுழன்று ஒவ்வொரு வயர் முனைக்கும் ஸ்பார்க்கைக் கொடுக்கும் ரோட்டர் எந்த முனைக்கும் நேராக இல்லை. இரண்டு முனைகளுக்கு நடுவே நிற்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மேல் குற்றமில்லை. அதன் அடியில் உள்ள நாக்கு மையத்திலிருந்து சற்று விலகியிருக்கும், ஒரே விதமாகத்தான் உட்காரும். கோளாறு அதற்கும் கீழே, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டோடு கோர்க்கும் டிரைவ் கியரில். முன்பு எஞ்சின் வேலை செய்தவர் அதைப் பல் தள்ளி இறக்கிவிட்டு, வயர்களை ஒரு முனை நகர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரையும் முடிந்தவரை திருப்பி ஒப்பேற்றியிருக்கிறார். அந்தத் தப்பான வரிசையில்தான் வண்டி இத்தனை காலம் ஓடியிருக்கிறது! நண்பர் வயரைச் சரியாக மாட்டியதும் குட்டு உடைந்தது.

டிஸ்ட்ரிபியூட்டரையும் அது அமரும் ஹவுசிங்கையும் எடுத்தால் டிரைவின் தலை தெரியும். நடுவில் மரை இருக்கிறது. 5/16 அங்குல யுஎன்எஃப் (நெருக்க மரை) போல்ட், மூன்றரை அங்குல நீளத்தில் ஒன்று கிடைத்தால் போதும், அதைத் திருகி இழுத்தால் கியர் சுழன்றுகொண்டே மேலே வரும். திரும்ப இறக்கும்போதுதான் பொறுமை தேவை. தலையில் உள்ள பள்ளம் வட்டத்தைச் சமமில்லாத இரண்டு துண்டாகப் பிரிக்கிறது. பெரிய துண்டு மேலே இருக்க வேண்டும். பள்ளத்தைக் கிடைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே பிடித்து இறக்கினால், பற்கள் சாய்வாக இருப்பதால் கோர்க்கும்போதே அது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திரும்பி, ஏறக்குறைய 1 மணி முள் நிற்கும் இடத்துக்கு வந்துவிடும். வரவில்லையென்றால் மறுபடி இழுத்து இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது ரோட்டர் கேப்பின் முதல் முனையைப் பார்த்து நின்றது. அங்கிருந்து ரோட்டர் சுழலும் திசையில், இந்த எஞ்சினில் கடிகாரத்துக்கு எதிராக, 1-3-4-2 என்று வயர் மாட்டினோம். வாக்குவம் யூனிட்டுக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிரிந்து ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுமுனைகள்) இடைவெளியை 0.38 மில்லிமீட்டரில் வைத்துவிட்டு, புல்லியை மேனுவல் சொல்லும் டிகிரியில் நிறுத்தி, காயிலின் பாயிண்ட் பக்க முனைக்கும் பாடிக்கும் நடுவே 12 வோல்ட் பல்பு ஒன்றைப் பிடித்தோம். இக்னிஷனை ஆன் செய்து, டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டருக்கு எதிர்த்திசையில் மெல்லத் திருப்ப, பாயிண்ட் பிரியும் அந்தக் கணத்தில் பல்பு எரிகிறது. அங்கேயே கிளாம்ப்பை இறுக்கிவிட்டோம். செல்ஃப் அடித்ததும் பற்றிக்கொண்டது. பிறகு வாக்குவம் ஹோஸைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு டைமிங் லைட்டில் பார்த்தபோது கொஞ்சம்தான் திருத்த வேண்டியிருந்தது. வண்டி இப்போது ஏற்றத்தில் மூச்சு வாங்குவதில்லை.

* * *

அருமையான பதிவு அண்ணா. எனக்கு நேர்ந்தது வி8 எஞ்சினில். அதில் டிஸ்ட்ரிபியூட்டர்தான் ஆயில் பம்ப்பையும் சுற்றும். மாட்டிய பிறகு கழுத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே சின்ன இடைவெளி இருந்தது. பக்கத்திலிருந்தவர் கிளாம்ப் போல்ட்டை இறுக்கினால் இறங்கிவிடும் என்றார். நான் விடவில்லை. கியர் கோர்த்துவிட்டது, ஆயில் பம்ப் தண்டு மட்டும் கோர்க்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். இறுக்கினால் ஏதாவது ஒன்று உடையும். மேலிருந்து லேசாக அழுத்திக்கொண்டு எஞ்சினைக் கையால் சுற்றியதும் தானாகவே 'டக்' என்று இறங்கியது.

கியரில் 13 பல் இருந்தது. ஒரு பல் தள்ளினால் டிஸ்ட்ரிபியூட்டரில் கிட்டத்தட்ட 28 டிகிரி, கிராங்கில் 55 டிகிரி. பாடியைத் திருப்பிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

* * *

என் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் சரி, குறிதான் பொய். டைமிங் லைட்டில் 10 டிகிரி காட்டும், ஆனால் சுமை ஏறினால் நாக்கிங், அதாவது எஞ்சினுக்குள் தட்டும் சத்தம். முன்புற டேம்பரில் இரும்பு வளையத்தைப் பிடித்திருக்கும் ரப்பர் செத்து, வளையம் நழுவியிருந்தது. குறி அந்த வளையத்தில்தானே இருக்கிறது! பிளக் ஓட்டையில், பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் பிஸ்டன் ஸ்டாப் திருகி, எஞ்சினைக் கையால் ஒரு பக்கம் சுற்றி முட்டும் இடத்தில் ஒரு கோடு, மறுபக்கம் சுற்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடு டிடிசி. இதைச் செய்யும்போது செல்ஃப் மோட்டாரைத் தொடவே கூடாது, பிஸ்டன் போய்விடும்.

* * *

பாயிண்ட் இடைவெளியை முதலில் வைத்துவிட்டுத்தான் டைமிங். இடைவெளி பெரிதானால் பாயிண்ட் சீக்கிரம் பிரிந்து அட்வான்ஸ் ஆகும், சிறிதானால் ரிட்டார்டு. மாற்றிச் செய்தால் செய்த வேலை வீண்.

* * *

ஒரு சந்தேகம் சார். பல் தள்ளியிருக்கிறதா, 180 டிகிரி மாறியிருக்கிறதா என்று கழற்றாமலே தெரியுமா?

* * *

தெரியும் தம்பி. முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் டிடிசியில் ரோட்டர் எதிர்முனையை, அதாவது நாலாவது சிலிண்டர் முனையை நேராகப் பார்த்தால் 180. முனைகளுக்கு இடையே நின்றால் பல் மாறியிருக்கிறது. 180 என்றால் வயரை எதிரெதிராக மாற்றியே ஓட்டலாம், எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. ஆனாலும் டிரைவை எடுத்துச் சரியாக இறக்கிவிடுங்கள். நாளைக்கு அந்த வண்டியைத் திறக்கப்போகிறவர் மேனுவலைப் பார்த்துத்தான் வயர் மாட்டுவார்.