காஷ்மீர் போகிறோம்: மாமியார் சைவம், கணவருக்குக் கறி வேண்டும். அங்கே எதையெல்லாம் விடாமல் சாப்பிட வேண்டும்?

யீஷூன் கவிதா கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் கடைசியில் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து ஸ்ரீநகர் போகிறோம். டெல்லியில் விமானம் மாறி, அங்கே 5 இரவு. நான், கணவர், 8 வயது மகன், என் மாமியார். அத்தைக்கு 67 வயது, சுத்த சைவம். வெள்ளிக்கிழமையும் சஷ்டியும் வந்தால் வெங்காயம் பூண்டுகூடத் தொட மாட்டார். கணவருக்குக் கறி இல்லையென்றால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

போன முறை ஆக்ரா போனபோது நாலு நாளும் பன்னீர் பட்டர் மசாலாதான். அத்தை கடைசி நாள் வெறும் தயிரும் சாதமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்து எனக்கு மனசே ஆறவில்லை. இந்த முறை அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் சாப்பிடுகிறதைச் சாப்பிட வேண்டும். பயண முகவர் 'ரோகன் ஜோஷ், காஷ்மீரி புலாவ்' என்று இரண்டு பெயரோடு நிறுத்திவிட்டார். போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

மார்சிலிங் முத்து:

தங்கச்சி, 2022 அக்டோபரில் நானும் வீட்டுக்காரியும் 9 நாள் ஸ்ரீநகரில் இருந்தோம். 22 வருஷம் உணவங்காடி நிலையத்தில் பரோட்டா போட்டவன் நான். அதனால் ரொட்டியில்தான் தொடங்குவேன்.

தங்கும் விடுதியில் டோஸ்ட்டும் ஆம்லெட்டும் கொடுப்பார்கள். ஒரு நாளாவது அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, விடிந்ததும் தெருவுக்கு இறங்குங்கள். ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு காந்தூர் இருப்பார், அதாவது ரொட்டி சுடுகிறவர். தரையோடு பதித்த மண் அடுப்பின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். மாவு உருண்டையைத் தட்டி, விரல் நுனியால் வரிசையாகப் பள்ளம் போட்டு, அடுப்பின் உள்சுவரில் அறைந்து ஒட்டுவார். வெந்ததும் நீளக் கம்பியால் கொத்தி எடுப்பார். இதற்குப் பெயர் கிர்தா. மேலே பொன்னிறம், உள்ளே பஞ்சு, அடியில் மட்டும் கொஞ்சம் முறுகல். அந்த மனிதர் அடுப்புக்குள் கையை விட்டு எடுக்கிற வேகத்தைப் பார்த்து நான் பதினைந்து நிமிஷம் நகரவே இல்லை. மொழி தெரியாது. என் உள்ளங்கையில் இருந்த காய்ப்பைக் காட்டினேன். அவர் தன் கையைக் காட்டினார். சூடாக ஒரு கிர்தா எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

காலையில் கிர்தா, அல்லது மெல்லிசாக இருக்கிற லவாசா. சாயங்காலத்துக்கு எள் தூவிய, நடுவில் குழி விழுந்த சொச்வோர். மொறுமொறுவென்று உதிர்கிறது குல்ச்சா. அடுக்கடுக்காக நெய் மணக்கிறது பாக்கர்கானி. எதிலும் கறி கிடையாது. சிலவற்றில் பாலும் நெய்யும் இருக்கும், அவ்வளவுதான்.

கூடக் குடிக்கிறது நூன் சாய். நூன் என்றால் அவர்கள் பாஷையில் உப்பு. பச்சைத் தேயிலையைச் சோடா உப்பு போட்டு வெகுநேரம் கொதிக்கவிட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆற்றி, பிறகு பால் சேர்ப்பார்கள். நிறம் அப்படியே நம்ம பண்டோங் (ரோஜாப் பாகு கலந்த பால்) மாதிரி ரோஜா நிறம். மகனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இனிக்கும் என்று நினைத்து வாயில் வைத்தால் முகம் கோணிவிடும். எனக்கு முதல் கோப்பை பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் கிர்தாவில் வெண்ணெய் தடவித் தோய்த்துச் சாப்பிட்டபோதுதான் அந்த உப்பு எதற்கு என்று புரிந்தது. மகனுக்குக் கஹ்வா என்கிற தேநீர் வாங்கிக் கொடுங்கள்: குங்குமப்பூ, பட்டை, ஏலக்காய், மேலே பாதாம் சீவல்.

இனி அத்தைக்கு. உண்மையில் அவருக்கு அந்த ஊர் உங்களைவிட நன்றாக ஒத்துப்போகும். காஷ்மீரிப் பண்டிதர், அதாவது அந்த ஊர்ப் பிராமணர், சமையலில் வெங்காயமும் பூண்டும் வழக்கமே இல்லை. பெருங்காயம், சுக்குத்தூள், சோம்புத்தூள் இந்த மூன்றில்தான் மணம். (அவர்கள் கறி சாப்பிடுகிறவர்கள். 'பண்டித்' என்று பெயர்ப்பலகை பார்த்ததும் சைவம் என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள்.) துர்கா நாக் கோயில் பக்கம் சைவ டாபாக்கள் இருக்கின்றன, ராஜ்மாவும் சோறும் அங்கே நன்றாக இருக்கும். அத்தை கேட்டு வாங்க வேண்டியவை: நத்ரு யக்னி, அதாவது தாமரைத்தண்டைத் தயிர்க் குழம்பில் வேகவைத்தது. தயிர் கொதி வருகிறவரை கரண்டியை எடுக்காமல் கிளற வேண்டும், விட்டால் திரிந்துவிடும். மேலே உலர்ந்த புதினா நொறுக்கிப் போடுவார்கள். மோர்க்குழம்பு பழகிய நாக்குக்கு இது சொந்தக்காரர் மாதிரி. அப்புறம் ஹாக். வெறும் கீரைதான், கடுகெண்ணெய், உப்பு, பெருங்காயம், மிளகாய், தண்ணீர், வேறொன்றுமில்லை. சோற்றில் அந்தச் சாற்றை ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டும். என் வீட்டுக்காரி ஒன்பது நாளில் ஏழு நாள் ஹாக் சாப்பிட்டாள். மஞ்சள் குழம்பில் போட்ட ச்சாமன், அதாவது பன்னீர், ஆக்ராவில் சாப்பிட்டதைப் போல இருக்காது, கவலைப்படாதீர்கள்.

கடுகெண்ணெய் நெடி மட்டும் பழக வேண்டும். புகை வருகிற வரை காய்ச்சித்தான் தாளிப்பார்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை. நம்ம கறிக்குழம்பின் மல்லித்தூள் வாசத்தை அங்கே தேட வேண்டாம். நிறம் ரத்தச் சிவப்பாக இருக்கும், காரம் அவ்வளவு இருக்காது. சுக்கும் சோம்பும்தான் முன்னால் வரும். நாங்கள் ஓர் உணவகத்தில் 'இருவருக்கு வாஸ்வான்', அதாவது பல வகைக் கறி விருந்து, என்று கேட்டு மாட்டிக்கொண்டோம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவித்துக் கொண்டுவந்தார்கள். அந்தக் குளிரில் ஆட்டுக் கொழுப்பு பத்து நிமிஷத்தில் உறைந்துவிட்டது. தபக் மாஸ் என்கிற விலா எலும்புக்கறியை, வேகவைத்து நெய்யில் பொரித்தது, சூட்டோடு கடிக்க வேண்டும். ஆறினால் மெழுகு. ஆகவே ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு கறி மட்டும் வாங்கச் சொல்லுங்கள்.

ஜூரோங் சலீம்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். முத்து அண்ணன் ரொட்டியை அழகாகச் சொல்லிவிட்டார். நான் கறியைப் பற்றிச் சேர்க்கிறேன். கூட வேலை பார்த்த காஷ்மீரி நண்பரின் தங்கை கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். வாஸ்வானின் உண்மையான இடம் கல்யாண வீடுதான்.

முதல் நாள் இரவே வாஸாக்கள், அதாவது பரம்பரைச் சமையல்காரர்கள், வீட்டுக் கொல்லையில் விறகு அடுப்பை வரிசையாக மூட்டிவிடுவார்கள். ஈயம் பூசிய செம்புப் பானைகள். கறியை இயந்திரத்தில் அரைக்காமல், வழவழப்பான கல்லில் வைத்து மரச் சம்மட்டியால் கொழுப்போடு சேர்த்து இடிக்கிறார்கள். ராத்திரி முழுக்க டொக் டொக் என்று அந்தச் சத்தம். நான் மாடியில் தூங்கவே இல்லை, தூங்கவும் தோன்றவில்லை. அப்படி இடித்த உருண்டை சிவப்புக் குழம்பில் போனால் ரிஸ்தா, வெள்ளைத் தயிர்க் குழம்பில் போனால் குஷ்தாபா.

நாலு பேருக்கு ஒரு திராமி, பெரிய செம்புத் தட்டு. முதலில் கெண்டியும் செம்புப் பாத்திரமும் உட்கார்ந்த இடத்துக்கே வரும், அங்கேயே கை கழுவலாம். சோற்றின்மேல் கபாப், தபக் மாஸ், கோழி எல்லாம் அடுக்கியிருக்கும். அவரவர் பக்கத்திலிருந்து மட்டும் சாப்பிட வேண்டும். பிறகு வாஸா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருப்பார். முழு விருந்தென்றால் 36 வகை என்பது வழக்கமான கணக்கு. குஷ்தாபா வந்தால் கறி முடிந்தது என்று அர்த்தம். மீந்த கறியை வீட்டுக்கு எடுத்துப் போகப் பையும் கொடுப்பார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கவிதா, நீங்கள் போகிற நேரத்துக்கு உங்கள் கணவர் தவறவிடக் கூடாதது ஹரீசா. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும். ஆட்டுக்கறியும் அரிசியும் சோம்பும் இரவு முழுக்க மண்பானையில் வெந்து, எலும்பை எடுத்து, கஞ்சி போலக் கடைந்திருப்பார்கள். மேலே கொதிக்கிற எண்ணெய் ஊற்றித் தருவார்கள். நம்ம நோன்புக் கஞ்சியை நினைத்துக்கொள்ளாதீர்கள், இது கனமான சாப்பாடு. பழைய நகரத்தில் ஆலி கதல் பக்கம் கடைகள் இருக்கின்றன. காலையிலேயே தீர்ந்துவிடும், பல் விளக்கியதும் கிளம்பிவிட வேண்டும்.

தெம்பனிஸ் சாந்தி:

கவிதா, போகும் முன்னால் வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள், அத்தைக்கு நாக்கு பழகும். ஹாக்குக்குப் பதில் கைலான் வாங்குங்கள், இரண்டும் முட்டைக்கோஸ் குடும்பம்தான். மூடி போடாமல் வேகவைத்தால் பச்சை மாறாது. தாமரைத்தண்டு ஈரச்சந்தையில் கிடைக்கிறது, சூப்புக்குப் போடுகிற அந்தத் தடித்த வகை. நத்ரு இதைவிட ஒல்லி. ஆனாலும் யக்னிக்கு மோசமில்லை. ரிஸ்தாவை நான் இரண்டு முறை அரவை இயந்திரத்தில் முயன்றேன், உதிர்ந்தே போனது. ஐஸ் துண்டு போட்டுக் குளிர வைத்து அரைத்தபோதுதான் மீன் உருண்டை மாதிரித் துள்ளல் வந்தது. கையால் இடிப்பதன் ரகசியம் அப்போதுதான் விளங்கியது.

யீஷூன் கவிதா:

முத்து அண்ணா, சலீம் அண்ணா, சாந்தி அக்கா, ரொம்ப நன்றி. இதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். வெங்காயம் பூண்டு இல்லாத ஊர்ச் சமையல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு சந்தேகம். பாம்பூரில் குங்குமப்பூ வயல் பார்க்கலாமா? அந்த ரொட்டிகளை இங்கே கொண்டுவர முடியுமா?

மார்சிலிங் முத்து:

பூ அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் நடுவில் முடிந்துவிடும், நீங்கள் போகும்போது வயல் வெறும் மண்ணாக இருக்கும். பாம்பூர் ஸ்ரீநகரிலிருந்து சுமார் 15 கி.மீ. தான், வாங்குவதற்காகப் போகலாம். காஷ்மீர் குங்குமப்பூவுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். ஓர் இழையை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் மெதுவாகப் பொன்னிறமாக வேண்டும், இழை சிவப்பாகவே இருக்க வேண்டும். போட்டதும் சாயம் கொட்டினால் வாங்காதீர்கள்.

ரொட்டியில் கிர்தா அன்றைக்கே காய்ந்து போகும், கொண்டுவந்து பயனில்லை. குல்ச்சா தாங்கும். நாங்கள் இரண்டு டஜன் கொண்டுவந்தோம், டின்னில் போட்டு மூடி வைத்தோம், பத்து நாள் மொறுமொறுப்புக் குறையவில்லை. கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் போட்டால் தூளாகிவிடும். சொச்வோரும் கொஞ்சம் வாங்கி வாருங்கள், இங்கே தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் மறுபடி மெத்தென்று ஆகும்.