‘காற்றிறக்கம்’: ஒரு சொல் முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போட்டி ரோபோக்களின் காற்றமைப்புக்காக, அதாவது அமுக்கிய காற்றால் பாகங்களை இயக்கும் அமைப்புக்காக, நாம் தொகுத்துவரும் கலைச்சொல் பட்டியலிலிருந்து ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்ற சொல்லை நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் எவருக்கும் வங்கக் கடலும் மழை விடுமுறையும்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய குறை, வெவ்வேறு கோளாறுகளை அது ஒரே பெயரில் அடக்கிவிடுவது. காற்றை அமுக்கும் கம்ப்ரசர், அதைச் சேமிக்கும் தொட்டியை நிரப்பவே திணறலாம். காற்றின் அழுத்தத்தால் தண்டை நீட்டி மடக்கும் சிலிண்டர் நீளும் நொடியில் மட்டும் அழுத்தம் சரிந்து மீளலாம். எதையும் இயக்காதபோதே அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கலாம். இவற்றுள் கடைசியானதற்கே உடனடியாகத் தனிச்சொல் தேவைப்படுகிறது.

அதற்கு நண்பர் ஒருவர் ‘காற்றுக்கசிவு’ என்று எழுதியிருந்தார். வாயுக்கசிவு என்ற வழக்கு வேரூன்றியிருப்பதால், கசிவு நீர்மத்துக்கே உரியது என்று நான் மறுக்க மாட்டேன். ஆனால் கசிவு என்பது காரணம். முள் காட்டுவது விளைவு. பள்ளி மாணவர் அணிகளுக்கான ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில், தொட்டி உள்ள சேமிப்புப் பக்கத்தில் 120 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) வரையிலும், சிலிண்டர்களுக்குச் செல்லும் பக்கத்தில் 60 பிஎஸ்ஐ வரையிலும் அனுமதி உண்டு. 120ஐ நெருங்கும் அளவுக்கு அமுக்கும்போது காற்று சூடேறுகிறது. கம்ப்ரசர் நின்றபின் அது ஆற ஆற, இம்மியும் வெளியேறாமலே அழுத்தம் சற்றுக் குறைகிறது. இதையும் கசிவு என்று எழுதினால் மாணவர்கள் இல்லாத ஓட்டையைத் தேடி அலைவார்கள்.

அண்மையில் வேளச்சேரியில் ஒரு மாணவர் அணியின் ரோபோவில் முள் முதலில் விரைவாகவும், பின்னர் நிற்காமல் ஒரே சீராகவும் இறங்குவதைப் பார்த்தேன். சேமிப்புப் பக்கத்தைத் தனியே அடைத்ததும் அங்கே முள் நின்றுவிட்டது. ஆகவே பழுது மறுபக்கத்தில். ஒரு மாணவி சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் ஒவ்வோர் இணைப்பாகத் தடவி வந்தாள். மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வில் குழாய் நுழையும் இடத்தில் கடுகளவு குமிழி ஒன்று பருத்து, உடைந்து, மறுபடி பருத்தது. பிடுங்கிப் பார்த்தால், குழாயின் முனை கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தில் அது முழுதாகப் படியவில்லை. நேராக வெட்டிச் செருகியபின் அவள் சொன்னாள்: “இப்ப காத்து இறங்கல.”

நமக்கு வேண்டிய சொல் அதுவே. சைக்கிள் டயர் தொய்ந்திருந்தால் ‘காற்று இறங்கிவிட்டது’ என்கிறோம். பஞ்சரா, வால்வு பழுதா என்பதைப் பிறகுதான் பார்க்கிறோம். காரணத்தை முன்கூட்டி முடிவுசெய்யாத அந்தப் பண்புக்காகவே ‘காற்றிறக்கம்’ என்பதை முன்மொழிகிறேன். ‘காற்றிறக்கச் சோதனை’, நிமிடத்துக்கு எத்தனை பிஎஸ்ஐ என்று குறிக்க ‘காற்றிறக்க வீதம்’ என அது எளிதாகக் கிளைக்கிறது. குமிழி கண்ட இடத்துக்கு மட்டும் ‘கசிவு’ என்பதை வைத்துக்கொள்ளலாம்.

நாமே காற்றை இறக்கிவிடுவதோடு இது குழம்பாதா என்று கேட்கக்கூடும். இறங்குதல் தன்வினை, இறக்குதல் பிறவினை. ஆயினும் ‘இறக்கம்’ என்ற பெயரில் அவ்வேறுபாடு மங்குவது உண்மைதான். ஆகவே வால்வைத் திறந்து வேண்டுமென்றே விடுவதைக் ‘காற்று வெளியேற்றம்’ என்றே எழுதுவோம். சிலிண்டர் நீளும்போது நேரும் சரிவுக்குப் ‘பாய்வுச் சரிவு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். மெல்லிய நீண்ட குழாயில் காற்று போதிய வேகத்தில் பாயாததை அது உணர்த்துகிறதா என்று சொல்லுங்கள்.