சுற்றுச்சூழல் படித்தவர்கள் நம் மலைகளுக்கு என்ன செய்திருக்கிறார்கள்?

கேள்வி (கொடைக்கானல்):
என் மகள் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க விரும்புகிறாள். உறவினர்களோ அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கிறார்கள். இத்துறையினர் இங்கு சாதித்தவற்றை அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி (மன்னவனூர்):
திருச்சி தூய வளனார் கல்லூரியின் தாவரவியலாளர் கே. எம். மேத்யூ அடிகளார், பழனி மலைத் தாவரங்களைத் தொகுத்து 1999-இல் மூன்று பகுதிகளாக வெளியிட்டார். எனினும் என்னை உலுக்கியது 2018-இல் வெளிவந்த ஆய்வுதான். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு அழிந்ததையும், சீகை, பைன், தைல மரக்காடுகளும் வேளாண்மையுமே அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டதையும் காட்டினார்கள். மரம் நடுவது எங்கும் நன்மையே என்று நம்பியிருந்த (நானும் நட்டவன்தான்) எங்களுக்கு அது சங்கடமான உண்மை.

மறுமொழி (உதகை):
சோலைக்காட்டுப் பறவைகளின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், 2017-இல் நம் ‘சோலை’ என்ற சொல்லைக் கொண்டே ‘ஷோலிகோலா’ என்னும் புதிய பேரினத்துக்குப் பெயரிட்டார்கள். அதில் நீலகிரிக்கு ஓர் இனமும் பழனி மலைக்கு வேறோர் இனமும் உண்டு. உதகை அரசு கலைக் கல்லூரியிலேயே வனவிலங்கு உயிரியல் கற்பிக்கப்படுகிறது, விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. புல்வெளி ஆய்வை முதலில் உறவினர்களுக்குத்தான் படித்துக் காட்டப்போகிறேன்.